உழுதவனும் உழுவித்தவனும்

போர்க்களத்தை விட்டு வந்த வீரன் ஏரைப் பிடித்தான் என்னும் கதை எல்லா நாட்டு இலக்கியங்களிலும் மதிப்போடு சொல்லப்படுகிறது. உரோமையர் தம் பழந்தலைவனான சின்சினாட்டுஸைப் போற்றியதும் இதற்காகவே. நாட்டுக்கு ஆபத்து நேர்ந்தபோது கலப்பையை விட்டுப் படைநடத்தச் சென்ற அவன், வெற்றி கண்டதும் மீண்டும் கலப்பைக்கே திரும்பினான் என்பர். வாள்கள் கலப்பைக் கொழுக்களாக அடிக்கப்படும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியும் நம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது. ஆகவே, ஒரு படைவீரர் தம் பணிக்காலத்தை முடித்துக் கடல்கடந்த நாடொன்றில் நிலம் பெற்றுப் பயிர்செய்தார் என்று படிக்கும்போது, இது அமைதியின் கதை என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியானதுதானா என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகைக் கதைகள் பெருகிய காலம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. 1815இல் வாட்டர்லூ போரோடு நெப்போலியப் போர்கள் முடிந்தன. ஆயிரக்கணக்கான ஆங்கிலேயப் படை அதிகாரிகள் அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். போரைத் தவிர வேறு தொழில் அறியாத அவர்களுக்குக் குடியேற்ற நாடுகள் கதவைத் திறந்தன. கனடாவில் படைப்பதவியின் படிநிலைக்கேற்ப நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. வாட்டர்லூவில் போரிட்ட ஜான் மொலாய் 1830இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் குடியேறினார். இத்தகையோர் எழுதிய நினைவுக்குறிப்புகளும், இவர்களைப் பற்றிப் பிறர் எழுதிய வரலாறுகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும். முதற்பகுதி, படைவீரனின் துணிவும் துன்பமும். இரண்டாம் பகுதி, காட்டை அழித்துக் கழனியாக்கிய உழைப்பு. முதற்பகுதி இரண்டாம் பகுதிக்கு முன்னுரை போலவே சொல்லப்படும்.

இந்த அச்சு நமக்கு எட்டாத் தொலைவில் உள்ளதன்று. மதுரைச் சமவெளிக்குக் கிழக்கே, பாக்கு நீரிணையைக் கடந்தால், இலங்கையின் மலைநாட்டில் இதன் மிகத் தெளிவான வடிவத்தைக் காணலாம். அங்கே படைவீரர் விவசாயியான கதைக்கும் நம் ஊர்களுக்கும் நேரான தொடர்பு உண்டு.

வீரர்களின் முற்கதை

எட்வர்டு பார்ன்ஸ் இளமை முதலே படைத்துறையில் வளர்ந்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் 1809லும் 1810லும் மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றைக் கைப்பற்றிய போர்களில் பங்குகொண்டார். பின்னர் ஸ்பெயினில் போரிட்டார். வாட்டர்லூவில் வெல்லிங்டன் படையின் உயர் அதிகாரியாக நின்று காயமுற்றார். கண்டி அரசு 1815இல் வீழ்ந்தது. அதையடுத்து 1817–18இல் எழுந்த கிளர்ச்சியும் கடுமையாக ஒடுக்கப்பட்டது. அந்த மலைநாட்டை ஆளும் பொறுப்பு இலங்கைக்கு வந்த பார்ன்ஸிடம் சேர்ந்தது. 1824 முதல் 1831 வரை அவர் ஆளுநர். மலைநாட்டைக் கட்டிக் காக்கக் கோட்டைகளைவிடச் சாலைகளே தேவை என்று கண்டவர் அவர். கொழும்பையும் கண்டியையும் இணைத்த சாலை முதலில் படை நடப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. பின்னர் அதே சாலையில் காப்பி மூட்டைகள் இறங்கின.

பார்ன்ஸ் ஆளுநராக மட்டும் நின்றுவிடவில்லை. பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே ஒரு காப்பித் தோட்டம் தொடங்கினார். காப்பிக்கு ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. காப்பி விளையும் நிலத்துக்கு நிலவரி விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டங்களில் வேலைசெய்வோர் ‘இராசகாரியம்’ என்னும் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். ஆணையிட்டவரும் ஆணையின் பயனைத் துய்த்தவரும் ஒருவரே. அவரைப் பின்பற்றிப் பிற அதிகாரிகளும் நிலம் வாங்கினர். படைச்சீருடையும் தோட்டத் தொப்பியும் ஒரே ஆணியில் தொங்கிய காலம் அது.

அவருடைய நிழலில் வளர்ந்தவர் தாமஸ் ஸ்கின்னர். 1804இல் நியூபவுண்ட்லாந்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை 14ஆம் வயதிலேயே விட்டு இலங்கைக்கு வந்து, 15ஆம் வயதில் படை அதிகாரியானவர். 1820இல், தம் 16ஆம் வயதில், கடுகண்ணாவை மலைச்சரிவில் சாலை அமைக்க அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 200 பேர் அவர் பொறுப்பில் விடப்பட்டனர். அவர்களுக்கும் சாலை போடத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அங்கிருந்து தொடங்கி 1867இல் ஓய்வு பெறும்வரை மலைநாட்டின் சாலைகள் பெரும்பாலும் அவர் கையாலேயே உருவாயின என்று சொல்வது வழக்கம். அவர் இறந்தபின் அவருடைய மகள் பதிப்பித்து 1891இல் இலண்டனில் வெளிவந்தது ‘இலங்கையில் ஐம்பதாண்டுகள்’ என்னும் தன்வரலாறு. ஸ்கின்னர் விவசாயியாகிக் குடியேறியவர் அல்லர். ஆயினும் அவர் அமைத்த வழியில்தான் விவசாயியாக மாறிய வீரர்கள் மலையேறினார்கள். அவ்வகையில் அந்நூல் அவர்கள் அனைவரின் கதைக்கும் திறவுகோலாக அமைகிறது.

தன்வினையும் பிறவினையும்

நாம் சிறுவயதில் கற்ற இலக்கணப் பாடம் ஒன்று இங்கே துணைநிற்கிறது. தான் செய்தால் தன்வினை. பிறரைக்கொண்டு செய்வித்தால் பிறவினை. கட்டினான் என்பது ஒன்று. கட்டுவித்தான் என்பது வேறு. கோவில் எழுப்பிய மன்னர்களைப் பற்றிக் கல்வெட்டு பேசும்போதுகூட ‘எடுப்பித்த’ என்றே சொல்கிறது. கல் சுமந்தவர் வேறு என்பதை அந்த ஒரு விகுதி ஒப்புக்கொள்கிறது. மன்னனின் பெருமையைப் பாட வந்த மொழியே இந்த அளவு நேர்மையைக் காத்தது.

படைவீரர்–விவசாயி நினைவுக்குறிப்புகளின் மொழியில் இந்த விகுதி காணாமற்போகிறது. காட்டை வெட்டினேன், சாலை போட்டேன், இத்தனை ஏக்கரில் காப்பி நட்டேன் என்றே அவை பேசும். படையில் இது இயல்பான பேச்சு. கோட்டையை யார் பிடித்தார் என்றால் தளபதி பிடித்தார் என்போம். ஏணியில் ஏறி மாண்ட சிப்பாயின் பெயரைக் கேட்பதில்லை. அந்தப் பேச்சை அப்படியே வயலுக்குக் கொண்டுவந்தால் உழவு என்னும் சொல்லே பொருள் மாறிவிடுகிறது. கையில் காப்புக் காய்க்காதவரும் உழவர் ஆகிவிடுகிறார்.

கடுகண்ணாவைக் கணவாயில் பொறியாளர் டாசனின் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. கொழும்பில் பார்ன்ஸின் சிலை நிற்கிறது. தலைநகரிலிருந்து செல்லும் சாலைகளின் தொலைவு அந்தச் சிலையிலிருந்தே அளக்கப்பட்டு வந்தது. ஸ்கின்னரின் 200 பேரில் ஒருவர் பெயரையும் எந்த மைல்கல்லும் சொல்வதில்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர்களும் அல்லர். இராசகாரியக் கடமையாக இழுத்துவரப்பட்டவர்கள். அக்கட்டாய ஊழியம் 1832இல்தான் ஒழிந்தது. ஆகவே இந்நூலைப் படிப்போர் ஒரு சிறு பயிற்சி செய்துபார்க்கலாம். தன்வினை வரும் இடங்களிலெல்லாம் பிறவினையை இட்டுப் படித்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரற்ற மக்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து நிற்பார்கள்.

இதைச் சொல்வதனால் ஸ்கின்னரின் மேன்மையை மறுக்கிறோம் என்று கொள்ளலாகாது. முறையான கல்வி இல்லாமலே நில அளவைக் கலையைத் தாமே கற்று, அதுவரை வரைபடம் காணாத மலைகளை அளந்தவர் அவர். காய்ச்சலும் கடும்மழையும் நிறைந்த காடுகளில் தம் ஆட்களோடு தாமும் தங்கினார். அதனினும் பெரிது அவருடைய மனச்சான்று. காப்பித் தோட்டங்களோடு சாராயக் கடைகளும் மலையேறி, கண்டி நாட்டு ஊர்களின் ஒழுக்கத்தைச் சிதைத்ததை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். 1849இல் இலங்கை நிலை பற்றி ஆராய்ந்த ஆங்கிலப் பாராளுமன்றக் குழுவின்முன் சான்றும் அளித்தார். தாம் திறந்த வழியிலேயே தீமையும் ஏறிவந்ததைக் கண்ட ஒரு நேர்மையான வீரரின் துயரம் அது. நூலின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், சாலைச் சாதனைகளைவிட இந்தக் கலக்கத்தையே சுட்டுவோம். ஆனால் அந்தக் கலக்கமும் ஒழுக்கச் சீர்கேட்டோடு நின்றுவிடுகிறது. நிலம் யாருடையது, அதில் உழைப்பவன் யார் என்னும் வினாவரை அது இறங்கி வருவதில்லை.

பெரட்டுக்களம்

படைவாழ்வு முன்னுரையாக முடிந்துபோய்விட்டதா? இதற்கு விடைசொல்லும் தகுதி துரைமாரின் நூல்களைவிட மலையக மக்களின் பேச்சுக்கே மிகுதி.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட கொட்டில் வரிசைக்கு ‘லயம்’ அல்லது ‘லயன்’ என்று பெயர். படைவீரர் தங்கும் வரிசைக் கொட்டில்களுக்கு ஆங்கிலப் படையினர் வழங்கிய ‘லைன்’ என்னும் சொல்லே அது. நம் ஊர்களில் காவலர் குடியிருப்பைப் ‘போலீஸ் லைன்’ என்பதும் அதே சொல்தான். விடியுமுன் ஆட்கள் கூடி வரிசையில் நின்று வேலை ஏற்கும் இடம் ‘பெரட்டுக்களம்’. ‘பரேட்’ என்னும் படைச்சொல்லே பெரட்டாயிற்று. ஆள் எண்ணிக்கை ‘மஸ்டர்’. அதுவும் படைப்பிரிவின் தலைக்கணக்கைக் குறித்த சொல். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் தேவைப்பட்டது ‘டிஸ்சார்ஜ்’ சீட்டு. படையிலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்க்கு அளிப்பதும் அதே பெயருடையது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் சென்றவனை 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சிறைக்கு அனுப்பியது. உழவன் வயலை விட்டுப் போவது எங்கேனும் குற்றமாகுமா? படையை விட்டு ஓடுவதே குற்றம். கங்காணியிடம் பட்ட கடனைத் தொழிலாளியின் கழுத்தில் கட்டிய ‘துண்டு’ முறை 1921இல்தான் நீக்கப்பட்டது.

எல்லாத் தோட்டத்துரைகளும் படையில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப்பயிராக வளர்த்த ஜேம்ஸ் டெய்லர் படைவாழ்வு அறியாத ஸ்காட்லாந்து இளைஞர். ஆனால் முதல் தலைமுறையினர் வகுத்த ஒழுங்கு பின்வந்தோர்க்கும் ஆயத்தமாக இருந்தது. இலைநோய் 1869இல் தோன்றிப் பின்னர் காப்பியை அடியோடு அழித்தது, பயிர் மாறியது, பெரட்டுக்களம் மாறவில்லை. வீரர் வாளைக் கொழுவாக அடித்தார் என்பதைவிட, வாளைக் கொழுவின் உறைக்குள் வைத்தார் என்பதே இச்சொற்கள் தரும் சான்று.

மூன்றாமவன்

இலத்தீன் கற்றோர் வெர்ஜிலின் முதல் முல்லைப்பாட்டை மறந்திருக்க முடியாது. உள்நாட்டுப் போர் முடிந்ததும், கி.மு. 41 அளவில், ஓய்வு பெற்ற வீரர்களுக்குக் கொடுப்பதற்காக இத்தாலிய உழவரின் நிலங்கள் பறிக்கப்பட்டன. அப்பாட்டில் மெலிபேயுஸ் என்னும் உழவன், தான் பண்படுத்திய வயலை ஒரு சிப்பாய் கொள்ளப் போவதை எண்ணி மனமுடைந்து ஊரை விட்டு வெளியேறுகிறான். ஏறத்தாழ அதே காலத்தில் மாசிதோனியாவிலும் அப்படையின் வீரர்கள் குடியேற்றப்பட்டார்கள். திருத்தூதர் பவுல் நற்செய்தி அறிவித்த பிலிப்பி நகரம் அவ்வாறு அமைந்த வீரர் குடியிருப்பே. திருத்தூதர் பணிகள் நூலும் அதனை உரோமைக் குடியேற்றம் என்றே குறிக்கிறது. அந்நகரத்தார்க்கு எழுதிய மடலில் விண்ணகக் குடியுரிமை பற்றிப் பவுல் பேசியது, உரோமைக் குடியுரிமையில் பெருமை கொண்டிருந்த அம்மக்களின் காதில் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கும்!

வெர்ஜில் கதையை உழவன் பக்கம் நின்று சொன்னார். இலங்கையிலும் ஒரு மெலிபேயுஸ் உண்டு. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குரியவை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டது. கண்டி நாட்டு உழவர் சேனைப்பயிர் செய்த காடும் மாடு மேய்த்த மேடும் இவ்வாறே ஏலத்துக்கு வந்தன. ஆனால் அங்கே வெர்ஜிலுக்கும் தெரியாத மூன்றாமவன் ஒருவன் வருகிறான். நிலம் பெற்ற வீரன் ஒருவன், நிலம் இழந்த உழவன் இன்னொருவன். அந்நிலத்தில் உழைப்பதற்கென்றே வேறு நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவன் இவன். கண்டி உழவர் தோட்டக்கூலிக்குப் பெரும்பாலும் உடன்படவில்லை. ஆகவே மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து ஏழைகள் சென்றார்கள். கரையூர்வரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளைவரை காட்டுவழியே மறுபடி நடந்தார்கள். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பல்லாயிரவர். 1876–78இன் தாதுவருடப் பஞ்சம் இவ்வழியை மேலும் நெருக்கியது.

வீரர்களின் நூல்கள் இருக்கும் அலமாரியில் இந்த மூன்றாமவன் எழுதிய நூல் அக்காலத்தில் இல்லை. அக்குறையைத் தீர்த்தது பிற்காலத் தமிழ் இலக்கியம். 1935இல் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை எழுதியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி கதையின் நடுவில் நின்றாள். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார் சி.வி. வேலுப்பிள்ளை. லயத்து வாழ்வை உள்ளிருந்தே எழுதினார் 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வெளிவந்தது. ஸ்கின்னரின் நூலைப் படிப்போர் இவற்றையும் அதனருகில் வைத்தே படிக்கவேண்டும் என்பது நம் துணிபு. ஒன்று சாலையைச் சொல்கிறது. மற்றவை அதில் நடந்த கால்களைச் சொல்கின்றன.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை சொன்னதைக் கேட்டு, வெள்ளையரின் கொடுமைக் கணக்கில் இன்னொரு வரி கூடிற்று என்று வாசகர் அமைதி கொள்ளலாகாது. வேளாளரை உழுதுண்போர் என்றும் உழுவித்துண்போர் என்றும் இருவகையாகப் பிரித்தவர் நம் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். உழுவித்துண்போரைச் சொல்லுமிடத்துப் படைத்தலைமை பூண்டோரையும் அவர் சேர்த்தே சொல்கிறார். படைநடத்தும் கையும் பிறரை உழுவிக்கும் கையும் ஒன்றாவது பார்ன்ஸ் கண்டுபிடித்த புதுமையன்று. மதுரைச் சமவெளியில் வைகையும் கண்மாய்களும் பாய்ந்த நஞ்சைகளிலும் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தவர் உண்டு. மன்னார்க் கரைக்குக் கிளம்பியவருள் பெரும்பகுதியினர் நம் ஊர்களில் சேரிக்கு வெளியே நிலம் பார்க்காதவர்கள். ஓர் உழுவிப்பவனை விட்டு இன்னோர் உழுவிப்பவனிடம் போனார்கள் என்பதே நேரிய கூற்று.

ஒரு சொல்லின் பயணம் இதை நன்கு காட்டும். இலத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் நிலத்தைப் பண்படுத்தும் உழவன். அவனை நிறுத்திய குடியேற்றம் ‘கொலோனியா’. அங்கே முதலில் நிலம் பெற்றோர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வீரர். அச்சொல் ஆங்கிலம் வழியாக நம்மிடம் ‘காலனி’ என்று வந்து சேர்ந்தது. தமிழகச் சிற்றூர்களில் அது எதைக் குறித்தது என்பதை நாம் அறிவோம்: ஊருக்குப் புறத்தே, ஒடுக்கப்பட்டோர் குடியிருக்கும் தெரு. உழவனைக் குறித்த சொல், வீரனின் உடைமைக்குப் பெயராகி, இறுதியில் நிலமற்றவனின் ஒதுக்கிடத்துக்குப் பெயராயிற்று. 2025இல் தமிழக அரசு அச்சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. சொல்லை நீக்குவது நன்று. அது குறித்த நிலைமையை நீக்குவது அதனினும் நன்று.

தறித்தொழிலால் பெயர்பெற்ற செல்லூரிலிருந்து இதனை எழுதுகிறோம். இங்கும் துணியின்மேல் வணிகரின் பெயரே பொறிக்கப்படும். நெய்தவரின் பெயரைத் துணி சொல்வதில்லை. ஆகவே பிறவினையைத் தன்வினையாக்கும் பழக்கம் கடல்கடந்த தோட்டத்தோடு முடிவதில்லை. நம் பங்குகளில் கட்டடத் திறப்புக் கல்வெட்டுகளையும் இந்தக் கண்கொண்டு படித்துப் பார்ப்பது நல்லது.

அந்த மூன்றாமவனுக்கு நிலம் மட்டுமன்று, நாடும் மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். திரும்பி வந்தோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடையைத் தோளில் மாட்டினர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

2023இல் மலையக மக்கள் தங்கள் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தனர். கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்டு என்பவர் காப்பித் தோட்டம் தொடங்கியதாகக் கொள்ளப்படும் 1823ஐ முதலாகக் கொண்ட கணக்கு அது. ஒரு மக்களினத்தின் பிறந்த நாளைக்கூடத் தோட்டம் தொடங்கிய துரையின் நாளேட்டிலிருந்து எடுக்கவேண்டியிருக்கிறது. ஆயினும் அவ்வாண்டு அவர்கள் செய்தது வேறு. தலைமன்னாரில் தொடங்கி, முன்னோர் விழுந்து மாண்ட அதே வழியில், மாத்தளைவரை நடந்தார்கள். யாரும் அவர்களை நடத்திச் செல்லவில்லை, அவர்களே நடந்தார்கள். இலக்கணம் அறிந்தோர்க்கு இந்த வினையின் அருமை விளங்கும்.